பூட்டிய அறைக்குள் ஒரு மணி நேர யுத்தம்



ஆறு பேர் ஓர் அறைக்குள் நுழைகிறார்கள். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. சுவரில் ஐரோப்பாவின் பழைய வரைபடம், மேஜைமேல் கறுப்பு டெலிபோன், மூலையில் மோர்ஸ் ஒலி எழுப்பும் ரேடியோப் பெட்டி. கதவு சாத்தப்படுகிறது. எதிரியின் சங்கேதச் செய்தியை அறுபது நிமிடத்துக்குள் உடைக்க வேண்டும்.

இதுதான் எஸ்கேப் ரூம். கணினித் திரையில் இருந்த விளையாட்டை 2007-ல் நிஜ அறைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்காரர் தகாவோ காட்டோ. பிறகு அது உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவில் சில இடங்களில், தனித்தனியாகச் சீட்டு வாங்கியவர்களை ஒரே குழுவாகச் சேர்த்துவிடுவார்கள். வேடிக்கையே அங்குதான் ஆரம்பம்.

முதல் பத்து நிமிடம், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் காட்டும் மரியாதைதான். "நீங்க பாருங்க", "இல்லை, நீங்களே பாருங்க" என்று நகரும். பிறகு ஒருவர் திறந்து பார்த்த இழுப்பறையையே மூன்று பேர் திறப்பார்கள். சாவியைக் கண்டெடுத்தவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறந்துவிடுவார். உரத்த குரல்காரர் தலைவராகிவிடுவார். விடையோ, ஓரமாக நிற்கும் வாய் திறவாத ஆசாமியிடம் இருக்கும். கண்டதைக் கண்டவுடன் சத்தமாகச் சொல்லும் குழுதான் பெரும்பாலும் வெளியே வருகிறது.

போர்க்கால அறைகளுக்குச் சங்கேதம் பொருத்தமான கதை. அசல் கதையிலும் அந்நியர்கள்தான், ஓடும் கடிகாரம்தான். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் மாளிகை வளாகத்துக் குடில்களில், ஜெர்மனியின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் செய்திகளை உடைத்தார்கள். இயந்திரத்தின் அமைப்பு பொதுவாக நள்ளிரவில் மாறும்; நேற்றைய சாவி இன்று செல்லாது. 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராப் நாளிதழ் ஒரு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கலந்துகொண்டவர்களில் சிலரைப் பின்னர் ராணுவம் இந்த வேலைக்குக் கூப்பிட்டது.

எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறி வராது. ‘A’யைத் தட்டினால் ‘A’ கிடைக்காது. வானிலை அறிக்கை போன்ற செய்திகளில் வழக்கமாக வரும் சொற்களை ஊகித்து, இந்த ஓட்டை வழியாக உள்ளே போனார்கள். ஆங்கிலேயர் பெருமை பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1932-லேயே எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்துக் கணித மேதைகள். 1939 ஜூலையில் தங்கள் ரகசியத்தை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கொடுத்தார்கள்.

போரின் இறுதிக் கட்டத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஏறத்தாழ 9,000 பேர் வேலை செய்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். பக்கத்துக் குடிலில் என்ன நடக்கிறது என்று கேட்கக் கூடாது. விளையாட்டில் திணறினால் ஒலிபெருக்கியில் குறிப்பு வரும். அங்கே குறிப்புத் தர ஆளில்லை. 1970-களின் நடுப்பகுதி வரை பலர் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

போரின் எல்லாப் பக்கத்தையும் விளையாட்டாக்க முடியுமா? 2016-ல் நெதர்லாந்தின் வால்கன்ஸ்வார்ட் ஊரில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் பிராங்க் குடும்பத்தின் மறைவிடத்தைப் போல ஓர் அறை அமைத்தார்கள். ஆன் பிராங்க் அறக்கட்டளை கண்டித்தது: சாமர்த்தியம் இருந்தால் பிடிபடாமல் தப்பலாம் என்ற எண்ணத்தை இது உண்டாக்குகிறது என்றது. நியாயமான கண்டனம். அந்த மறைவிடத்தில் இருந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஆனின் அப்பா ஒருவரே. சங்கேதம் உடைப்பதை விளையாடலாம். ஒளிந்து வாழ்ந்ததை விளையாடக் கூடாது.

இன்னொரு செய்தியும் உண்டு. 2019 ஜனவரியில் போலந்தின் கோஷலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் தீவிபத்தில் சிக்கி, வெளியேற வழியின்றி இறந்தார்கள். பூட்டு என்பது பாவனையாக இருக்கும்வரைதான் இது விளையாட்டு. ஆகவே நேயர்களே, எந்த ஊரில் விளையாடப் போனாலும் சீட்டு வாங்கும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கதவை உள்ளேயிருந்து நாமே திறக்க முடியுமா? தயங்கிப் பதில் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.