சொல்லும் வரியும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வாணிகம் செய்யும் நண்பர் ஒருவர், 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, மலையாளச் செய்தித்தாளும் கையுமாக என் வீட்டிற்கு வந்தார். நாகர்கோவிலைப் பூர்வீகமாகக் கொண்டவர். இரண்டு தலைமுறையாக இந்நகர வாசி. மலையாளத்தை மலையாளிகளைப் போலவே பேசுவார். ஆயினும் சட்டம் என்று வந்துவிட்டால் தமிழில் கேட்டால்தான் அவருக்கு மனம் சமாதானம் அடையும். "தம்பி, நீங்கள் மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர். இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று நம் பாஷையில் சொல்லுங்கள்" என்றார்.

கேரளப் போலீஸ் சட்டத்தில் 118ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்க்கும் அவசரச் சட்டத்தைப் பற்றிய செய்தி அது. அம்மாதம் 21ஆம் நாள் ஆளுநர் அதற்கு ஒப்புதல் அளித்திருந்தார். பொய் என்று அறிந்தே ஒருவரை மிரட்டவோ, ஏசவோ, இழிவுபடுத்தவோ எதையேனும் எவ்வழியாகவேனும் வெளியிட்டு, அதனால் அவருடைய மனத்திற்கோ நற்பெயருக்கோ உடைமைக்கோ ஊறு விளையுமானால், 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"மனத்திற்கு ஊறு என்றால்?" என்று கேட்டார் நண்பர்.

என் தொழிலில் இத்தகைய கேள்விதான் மிகவும் இடர் தருவது. உடைமைக்கு நேர்ந்த ஊற்றை அளந்து காட்டலாம். நற்பெயருக்கு நேர்ந்ததை ஆராய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக வழி வகுத்திருக்கின்றன. மனத்தின் ஊற்றை எந்த முழக்கோலால் அளப்பது? 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே ஊறு என்பதற்குத் தந்த விளக்கத்தில் மனமும் இடம்பெற்றிருந்தது என்பது மெய்யே. ஆனால் அங்கே அது ஒரு சொல்லின் விளக்கம். இங்கே சிறைக்குச் செல்லும் வாயில்களில் ஒன்று.

நண்பரின் கவலை வேறு. தெருவில் சாக்கடை அடைத்துக் கிடந்ததைப் பற்றி, வட்டாரப் பிரமுகர் ஒருவரைக் கேலி செய்து, வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுதியிருந்தார். "எழுதியது பொய்யா, அண்ணாச்சி?" என்றேன். "மெய்தான், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன். ஆனால் கடையை அடைத்துவிட்டுக் கோர்ட்டில் போய் யார் நிரூபிப்பது?" என்றார்.

நேயர்களே, இத்தகைய சொற்களின் வரலாறு புதியதன்று. 2009 முதல் நடைமுறையில் இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலோ அசௌகரியமோ விளைவிக்கும் சில செய்திகளையும் குற்றமாக்கியது. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டர் குறிப்பு ஒன்றுக்காக அப்பிரிவின்கீழ்க் கைதானார். அடுத்த மாதம் மராட்டிய மாநிலத்தில், முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண்ணும் அதை விரும்பியதாகக் குறியிட்ட மற்றொரு பெண்ணும் கைது செய்யப்பட்டனர். ஷ்ரேயா சிங்கால் என்னும் சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப்பிரிவை அடியோடு நீக்கியது. ஒருவருக்கு எரிச்சலூட்டுவது மற்றொருவருக்கு ஊட்டாது. எது குற்றம் என்று குடிமகனும் அறியான், கைது செய்யும் அதிகாரியும் அறியார் என்பதே தீர்ப்பின் சாரம். கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் அதே தீர்ப்பில் வீழ்ந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, வீழ்ந்த இடத்திற்கு அருகிலேயே 118ஏ முளைத்தது.

அதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இணையத்தில் பெண்களை மிக இழிவாகப் பேசிய காணொளிகள் இந்நகரில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கிய காலம் அது. பொய்ச் செய்தி என்ன செய்யும் என்பதை அயல் மாநிலத்தில் வாழும் நாம் பிறரைவிட நன்கு அறிவோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. திருப்பூரில் வேலை செய்தவர்கள் அஞ்சினர். பீகாரில் அவர்தம் குடும்பத்தார் உறக்கமிழந்தனர். அப்பொய்யைப் பரப்பியோர்மீது, பகைமை மூட்டுதல் முதலிய பழைய பிரிவுகளின்கீழேயே காவல்துறை வழக்குத் தொடுத்தது. வரம்பு தெளிவாயுள்ள சட்டம் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தோன்றவில்லை.

சொல்லை அடக்க இன்னொரு கருவியும் உண்டு. தமிழில் வரி என்பது எழுத்தின் வரியுமாகும், அரசின் வரியுமாகும். மொழிபெயர்ப்பாளனுக்கு இப்பொருத்தம் ஒரு சிறு இன்பம். என் தந்தையார் அஞ்சலகத்தில் பணம் கட்டிப் பெற்ற வானொலி உரிமப் புத்தகம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கேட்பதற்கே கட்டணம் வாங்கிய காலம் அது. அமெரிக்காவின் லூசியானா மாநிலம், வாரம் 20,000 படிகளுக்குமேல் விற்ற பத்திரிகைகளின் விளம்பர வருவாய்க்கு 2 விழுக்காடு வரி விதித்தது. 1936இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நம் நாட்டில் 1981இல் பத்திரிகைக் காகிதத்தின்மீது 15 விழுக்காடு இறக்குமதித் தீர்வை வந்தது. அவ்வழக்கில் உச்சநீதிமன்றம், பத்திரிகைக்கு வரியே கூடாது என்று கூறவில்லை. வாசகனிடமிருந்து பத்திரிகையைப் பிரிக்கும் சுமையாக அது ஆகிவிடலாகாது என்றது.

இணையத்திற்கு வருவோம். உகாண்டா நாடு 2018இல், வாட்ஸ்அப், முகநூல் முதலியவற்றைப் பயன்படுத்துவோரிடம் நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி தண்டியது. வம்பு பேசுவதைக் குறைக்க என்று காரணமும் கூறப்பட்டது! 2021இல் அதைக் கைவிட்டு, இணையத் தரவுக்கு 12 விழுக்காடு வரி விதித்தனர். நம் நாட்டில் அத்தகைய நோக்கத்துடன் வரி இல்லை. எனினும் கைப்பேசிக் கட்டணத்தில் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி அடங்கியிருக்கிறது. மாதம் ஒரு முறை கட்டணம் செலுத்தி, அதன் வழியே ஊர்ச் செய்தியும் மனைவி மக்களின் முகமும் காணும் கட்டிடத் தொழிலாளிக்கு அது ஆடம்பரப் பொருளுக்குரிய வரியாகவே தோன்றும். அச்சுப் பத்திரிகைக்கு அவ்வரி இல்லை. அச்சிலும் வெளிவந்த நூலின் மின்னூல் வடிவத்திற்கு 2018 ஜூலையில் 18இலிருந்து 5ஆகக் குறைத்தார்கள். தமிழ்ப் பத்திரிகை எட்டாத ஊர்களில் வாழ்வோர்க்குக் கைப்பேசிதான் பத்திரிகை என்பதை யாரேனும் அப்பேரவையில் எடுத்துச் சொன்னால் நன்று.

118ஏ பிரிவின் கதை விரைவில் முடிந்தது. எதிர்க்கட்சிகள் மட்டுமன்றி ஆளும் அணியின் ஆதரவாளர்களே ஐயம் எழுப்பினர். நவம்பர் 23ஆம் நாள், அது நடைமுறைப்படுத்தப்படாது என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். சில நாட்களுக்குள் அதனை நீக்கும் மற்றோர் அவசரச் சட்டமும் வந்தது. நான் கடைக்கே சென்று நண்பரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே சிரித்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்ன அன்றிரவே அந்த நாலு வரிகளையும் அழித்துவிட்டாராம். இனி எழுதலாமே என்றேன்.

"எதற்குத் தம்பி?" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கட்டினார். அடுத்த மழையில் சாக்கடை மறுபடியும் அடைத்துக்கொண்டது. குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.