அவையச்சமும் இரட்டை வழக்கும்



மேடை ஏறியதும் நா வறள்வதும் நெஞ்சு படபடப்பதும் சிறுவர்க்கே உரியன என்று நாம் எண்ணிவிடுகிறோம். திருவள்ளுவர் அவ்வாறு எண்ணவில்லை. அவையஞ்சாமையை அவர் கல்வி அதிகாரத்தை ஒட்டி வைக்காமல், அமைச்சியலின் முடிவில் 73ஆம் அதிகாரமாக வைத்தார். நூல் பல கற்று, தூது சென்று பழகிய அமைச்சனுக்கும் அவையில் அச்சம் தோன்றும் என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும்.

இவ்வச்சம் எல்லா மொழியினர்க்கும் பொது. ஆயினும், தமிழ் மாணவரின் அச்சத்தில் ஒரு பகுதி மொழியமைப்பினால் விளைவது என்பது என் கருத்து. எழுத்துக்கு ஒரு வழக்கும் வீட்டுப் பேச்சுக்கு வேறொரு வழக்கும் கொண்ட மொழிகளைப் பற்றிச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் ஒரு கட்டுரை எழுதினார். அத்தகைய இரட்டை வழக்கு மொழிகளுள் தமிழும் ஒன்று. சிங்கப்பூர் மாணவி ஒருத்தி வீட்டில் ‘அவங்க சொன்னாங்க’ என்கிறாள். மேடையில் ‘அவர்கள் சொன்னார்கள்’ என்றாக வேண்டும். ஒவ்வொரு வினைமுற்றிலும் வடிவத்தை மாற்றிக்கொண்டே கருத்தையும் தொடர வேண்டும். ஆங்கில மேடையில் அவளுக்கு இந்தச் சுமை இவ்வளவு இல்லை. அங்கே சரளமாகப் பேசுபவள் தமிழில் தயங்கினால், அவளுக்கு மொழிப்பற்றில்லை என்று முடிவு கட்டுவது அநீதி.

தமிழின் தொடரமைப்பையும் கருத வேண்டும். நம் மொழியில் வினைமுற்று இறுதியில் வரும். உடன்பாடா எதிர்மறையா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். ‘சென்று, கண்டு, ஆராய்ந்து, உணர்ந்து’ என எச்சங்களை அடுக்கிய நெடுந்தொடரை மனப்பாடம் செய்தவர், நடுவில் ஒரு சொல்லை மறந்தால் வினைமுற்றைச் சென்றடைய வழியில்லை. பெரியவர்கள் எதுகை மோனையோடு எழுதித் தரும் போட்டி உரைகள் பெரும்பாலும் இவ்வகையினவே. (அவற்றுக்குப் பரிசு வழங்கும் நடுவர்களுக்கும் இதில் பங்குண்டு.)

ஆகவே, மாணவர்களே, கருத்தை முதலில் பேச்சுத்தமிழில் ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்கியபின் அதையே எழுத்து வழக்கிற்கு உயர்த்துங்கள். தொடர்கள் சிறியனவாக இருக்கட்டும். ஒவ்வொரு வினைமுற்றிலும் நின்று மூச்செடுக்கலாம். அச்சத்தில் மூச்சு குறுகும், குரல் உயரும், பேச்சு விரையும். அந்நிறுத்தம் மூன்றையும் ஓரளவு சீராக்கும். தொடக்கத்தில் இரண்டு தொடர்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். மற்றவற்றுக்குக் குறிப்புச்சீட்டு கையில் இருக்கலாம், அது இழுக்கன்று.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ழகரத்தைத் திருத்தாதீர்கள். நானும் ழகரத்தின்பால் பேரன்பு உடையவனே. ஆனால் திருத்தத்தைக் குறித்துவைத்துப் பின்னர்த் தனியே சொல்லலாம். இடைமறிக்கப்பட்ட பிள்ளை ஒலியைக் கற்பதற்கு முன் வாய்மூடக் கற்றுக்கொள்கிறது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, திருத்தமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அவ்வழக்கிற்குப் பள்ளி மேடையிலும் ஓரிடம் வேண்டும். கீழ்நிலை வகுப்புகளுக்கேனும் கதை சொல்லலையும் உரையாடலையும் அதில் நடத்தினால், அவையைப் பார்த்துப் பேசும் பழக்கம் முதலில் அமையும். எழுத்து வழக்கை அதன்மேல் ஏற்றலாம்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்க விரும்புகிறேன். பேச்சுத்தமிழிலேயே கேட்கலாம்.