வட்டுக்கோட்டைக்குப் போன மாசசூசெட்ஸ் காசு

சாப்பாடு ஆறுவதற்குள் பேச்சை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

இந்த மண்டபத்தில் பிள்ளையைத் தனியார் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்திருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். ஆனாலும் நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமே என்று கட்டிவிடுகிறோம். இருநூறு வருடங்களுக்கு முன்பு காசு எதிர்த்திசையில் போனது. இந்த மாசசூசெட்ஸ் பக்கத்துத் தேவாலயங்களில் சாதாரண மக்கள் போட்ட காணிக்கை கடல் கடந்து யாழ்ப்பாணம் போய், நம் பிள்ளைகளுக்குச் சோறும் புத்தகமும் ஆனது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1816-இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் டானியல் பூவர். இதோ இருக்கும் டான்வர்ஸில் பிறந்தவர். வட்டுக்கோட்டையில் பழைய போர்த்துக்கேய, ஒல்லாந்தத் தேவாலயம் இருந்த வளவில் 1823-இல் உயர்கல்விக் கூடம் தொடங்கினார். கல்லூரி என்று பெயர் வைக்கத்தான் ஆசை. ஆங்கிலேய அரசு இடம் கொடுக்கவில்லை. அமெரிக்கர் மீது அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. கடைசியில் அது வட்டுக்கோட்டை செமினரி ஆனது. ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1850-இல் வெளியான தம் நூலில் இந்தப் பள்ளியை வாயாரப் புகழ்ந்திருக்கிறார்.

காசு கொடுத்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. தாங்கள் பராமரிக்கும் பிள்ளைக்குத் தங்களுக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார், சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சங்க இலக்கியத்தை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் கிங்ஸ்பரி என்று ஒரு பெயர் உண்டு. அவர் மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரியைத் தமிழறிஞராகப் பலர் அறிந்திருப்பீர்கள். இங்கே நம் பிள்ளைகள் வகுப்பில் கூப்பிட வசதியாகப் பெயரைச் சுருக்கிக்கொள்ளும்போது நாம் வருத்தப்படுகிறோம். அது புதிய வியாதி இல்லை.

பெயர் மாறியது, ஆள் மாறினாரா? தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராகத்தான் வாழ்ந்தார். 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த கையும் அவருடையதுதான். ஆர்னல்ட் கிறிஸ்தவராகவே இருந்து, தமிழ்ப் புலவர்களின் வரலாறான ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதினார். மதம் மாற்றத்தான் பள்ளி நடத்தினார்கள், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் படித்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. படித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளச் சாதிப் பிள்ளைகள். மிஷன் வளவில் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று முதலில் அடம்பிடித்தார்கள், மிஷனரிமார் விட்டுக்கொடுத்தார்கள். சாமியை விட்டுக்கொடுக்காதவர்கள் அடுப்பில் இறங்கி வந்தார்கள். அதனால் கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதை நம் பெருமைப் பேச்சுகளில் நாம் சொல்வதேயில்லை.

இந்தப் பள்ளியின் கதையில் எனக்குப் பிடித்த சம்பவம் 1829 மார்ச் 20 சந்திர கிரகணம். அராலியில் பஞ்சாங்கம் கணித்துவந்தவர் விசுவநாத சாஸ்திரியார். அவர் குறித்த நேரத்துக்கும் பூவர் கணித்த நேரத்துக்கும் வித்தியாசம். செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிரவு கடிகாரத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பூவர் கணக்குத்தான் சரியாக வந்தது. சைவம் தோற்றது என்று மிஷனரிமார் எழுதி அனுப்பினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னதைச் சரிபார்க்கலாம் என்று ஒரு ஊர் வானத்தைப் பார்த்து நின்றதே, அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய காரியம். அதே செமினரியில் படித்த விசுவநாதபிள்ளை பிறகு இயற்கணிதத்தைத் தமிழிலேயே நூலாக எழுதினார்.

அந்தச் செமினரியை மூடியதும் பாஸ்டனில் இருந்த மிஷன் தலைமையகம்தான். அங்கிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்தவன் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகிறான் என்பது அவர் கவலை. கவலை நியாயமானதுதான், நம்மவர்கள் எப்போதும் உத்தியோகக்காரர்கள்! 1855-இல் செமினரி மூடப்பட்டது. இரண்டே வருடத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் என்று பெயர் பெற்ற விசுவநாதபிள்ளை, தாமோதரம்பிள்ளை இருவருமே வட்டுக்கோட்டை மாணவர்கள். பழைய மாணவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் விடாமல் முயன்று 1872-இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கவைத்தார்கள். அதற்கும் முதல் அதிபராக ஓர் அமெரிக்கரைத்தான் வைத்தார்கள் என்பது வேறு கதை.

இப்போது என் வேண்டுகோள். அந்த மிஷனரிமார் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் எங்கோ தொலைதூரத்தில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு வாரிக் கொடுத்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது, ஒரு கோடை விடுமுறை முழுக்க அங்கே உட்கார்ந்து படிக்க நம் தமிழ்ச் சங்கம் உதவித்தொகை தர வேண்டும். யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் என்னவாகும் என்று தெரிந்த பெரியவர்கள் அவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும். செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் தொகையை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.