படம் நம்மிடம் வரும் வழி
(ஆலுவாவில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பேசும் சங்கத்தில் சினிமாவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் வாழ்க்கையை ஊருக்குக் காட்டுவது யார் என்பதும் சங்கத்தின் கவலைதான்.

படம் எடுத்து முடித்தவுடன் அது தானாகத் திரைக்கு வந்துவிடாது. நடுவில் விநியோகஸ்தர் இருக்கிறார், தியேட்டர்காரர் இருக்கிறார். ஏரியா பிரித்து, விலை பேசி, லாபம் உண்டு என்று தெரிந்தால்தான் எடுப்பார்கள். படப்பெட்டி ரயிலில் பார்சலாக வந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். இன்று பெட்டி இல்லை; டிஜிட்டலாக வருகிறது. ஆனால் கதவைத் திறப்பவர் கை மாறவில்லை. பெரிய நடிகர் இல்லாத படத்துக்குக் காலைக் காட்சி கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஷிப்டில் நிற்கும் நாம் காலைக் காட்சிக்கு எப்படிப் போவது?

இதற்கு மாற்றுவழி கண்டவர் இந்தக் கேரளத்தில் இருந்தார். ஜான் ஆபிரகாம், குட்டநாட்டுக்காரர். சினிமாவுக்கு வருமுன் எல்.ஐ.சி. ஊழியர். 1977இல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. நம்மில் எத்தனை பேர் அதைத் தியேட்டரில் பார்த்தோம்? விருது ஒரு படத்தை மக்களிடம் கொண்டு சேர்த்துவிடாது.

1984இல் அவரும் நண்பர்களும் 'ஒடேஸா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகக் கொட்டடித்துப் போனார்கள். சாப்ளின் படத்தைத் திரையிட்டு, ஜனங்களிடம் சிறு தொகைகளாக நிதி திரட்டினார்கள். 1986இல் 'அம்ம அறியான்' உருவானது. இறந்துபோன இளைஞனின் தாயிடம் செய்தி சொல்ல, வயநாட்டிலிருந்து கொச்சிக்கு ஒருவன் புறப்படுகிறான்; வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். அந்தப் படம் எடுக்கப்பட்ட விதமும் அப்படித்தான்! முடிந்த படத்தை மறுபடி ஊர்களுக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். மறு ஆண்டே ஜான் மறைந்தார். அதுவே அவருடைய கடைசிப் படம்.

இதில் பாடம் என்ன? மற்றவர்கள் படத்தை எடுத்துவிட்டுப் பார்வையாளரைத் தேடினார்கள். ஒடேஸா பார்வையாளரை முதலில் திரட்டியது. காசு கொடுத்தவனுக்கு அது தன் படம்; அவனுக்கு விநியோகஸ்தர் தேவைப்படவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். மலக்குழியில் இறங்கிச் சாகும் தொழிலாளரைப் பற்றித் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். 2017இல் திரையிடல்களைப் போலீசார் தடுத்தபோது, அதை யூடியூபில் போட்டார். இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நல்லது. ஆனால் செல்போனில் தனியாகப் பார்ப்பவன் பெருமூச்சு விட்டு அடுத்ததற்குப் போகிறான். நூறு பேர் சேர்ந்து பார்த்தால் விளக்கைப் போட்டதும் பேச்சு தொடங்கும். இலவசமாகப் பார்ப்பதால் எடுத்தவரின் கடனும் அடையாது.

ஊரைவிட்டு வந்து மட்டாஞ்சேரியிலும் ஏலூரிலும் ஆலுவாவிலும் உழைக்கும் தமிழரைப் பற்றி எவரேனும் நாளை படம் எடுத்தால், அதைக் காட்டத் தியேட்டர்காரர் காத்திருக்கமாட்டார். நாம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் வைக்கும் யோசனை இது. மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஷிப்ட் பார்த்து நேரம் வைத்து, ஒரு சிறு படம். எடுத்தவரின் சம்மதமும் தணிக்கைச் சான்றும் முன்பே பார்த்துக்கொள்வோம். வாசலில் உண்டியல், வசூலை எல்லோர் முன்னும் எண்ணி, படம் எடுத்தவருக்கு அனுப்புவோம். பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்காரட்டும்.

கைதூக்கிச் சம்மதம் சொல்லுங்கள். வேட்டித் திரை கட்டக் கயிறு நம்மிடம் இருக்கிறது.