வழிநடை நெறி: பெருந்தொற்றுக்குப் பின் பயணங்கள்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



புகார் நகரை விட்டுக் கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கிப் புறப்பட்டபொழுது உடன் சென்றவர் கவுந்தியடிகள். செல்லும் வழியின் அருமையை அவர் எடுத்துரைக்கும் பகுதி சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் அமைந்துள்ளது. வெயிலின் கொடுமையையும், கிழங்கு அகழ்ந்த குழிகள் பூவால் மூடிக் கிடப்பதையும் சொல்வதோடு அடிகள் நின்றுவிடவில்லை. நீர்க்கரை வழியே நடக்குங்கால் நண்டும் நத்தையும் காலடியில் அறியாமல் மிதிபடக்கூடும். அத்துன்பம் தாங்கொணாதது என்றும் உரைக்கின்றார். வழிச்செல்வோர் தமக்கு நேரும் இடரை எண்ணுவது இயல்பு. தம்மால் பிற உயிர்க்கு நேரும் இடரை எண்ணிய பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது அடிகளின் வழிநடை நெறி.

அந்நெறியை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணிப் பார்க்க நேர்ந்தது 2020ஆம் ஆண்டில். மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. நோய்கள் பயணிகளோடு பயணம் செய்வது புதிதன்று. 1377ஆம் ஆண்டிலேயே, இன்று டுப்ரோவ்னிக் என வழங்கும் ரகூசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் நகருக்கு வெளியே தங்கவைத்தனர். பின்னர் அது 40 நாளாயிற்று. குவாரன்டைன் என்னும் சொல்லே நாற்பது என்னும் இத்தாலியச் சொல்லடியாகப் பிறந்தது. அன்று நோய் கப்பலின் வேகத்தில் வந்தது. 2020இல் விமானத்தின் வேகத்தில் வந்தது. அதனினும் கொடிது, நோயைச் சுமந்தவர் பலர் தம் உடலில் அஃது இருப்பதையே அறிந்திலர். காலடியில் நத்தை கிடப்பதை அறியாது நடந்தவரை அவர்கள் ஒத்திருந்தனர்.

அவ்வாண்டு மகாவீரர் ஜெயந்தி ஏப்ரல் 6ஆம் நாள் வந்தது. ஆலயக் கதவுகள் அடைபட்டிருக்க, இல்லங்களிலேயே விளக்கேற்றி வழிபாடு நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 25, தமிழகத்தில் முழு ஊரடங்கு நிலவிய ஞாயிற்றுக்கிழமை. 2022இல் தமிழ்ப் புத்தாண்டு நாளிலேயே ஜெயந்தியும் அமைந்தபொழுதுதான் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கி, உறவினர் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் கண்டு மகிழ முடிந்தது.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். கடல், ஆறு, காடு, மலை, நாடு எனத் தெரிந்த அடையாளங்களை எல்லையாக வைத்து, அதற்கு அப்பால் செல்லேன் எனச் சாவகர் உறுதி பூணுவது அது. தேசாவகாசிகம் அவ்வெல்லையை மேலும் சுருக்கி, இத்தனை நாளைக்கு இந்த ஊர், இந்தத் தெரு, இந்த வீடு என வரையறுப்பது. அருங்கலச்செப்பு கற்ற குடும்பங்களுக்கு இவை புதியன அல்ல. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்குத் தம்மால் நுண்ணிய தீங்கும் நேராது என்பதே இவ்விரதங்களின் உட்கருத்து. 2020இல் அரசாங்கமே மாவட்டத்துக்கு மாவட்டம் எல்லை வகுத்து இ-பாஸ் வழங்கிற்று. ஆயினும் இ-பாஸ் கிடைக்காமையால் வீட்டிலிருந்தவர், திக்விரதம் காத்தவராகப் பெருமை கொள்ள இயலாது. தானே வரைந்த எல்லைதான் விரதம். பிறர் வரைந்தது வேலி. வேலி அகன்றபின் நிகழ்ந்தவையே இதற்குச் சான்று.

2019இல் நாடு கடந்து பயணம் செய்தோர் வருகை உலகளவில் சுமார் 146 கோடி. 2020இல் அது எழுபது விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. 2024இல் மீண்டும் ஏறத்தாழ 140 கோடியாயிற்று. அளவு திரும்பிவிட்டது, திரும்பாதவை வேறு.

அவற்றுள் ஒன்று முதியோர் பயணம். ரயிலில் அறுபது வயது நிறைந்த ஆடவர்க்கு 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டு நிறைந்த மகளிர்க்கு 50 விழுக்காடும் கட்டணச் சலுகை இருந்தது. நோய்க் காலத்தில் முதியோர் வெளியே வராதிருத்தல் நலம் என்னும் காரணத்தால் 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டது. நோய் தணிந்து ஆண்டுகள் பல ஆன பின்னும் சலுகை மீளவில்லை. சாதாரணப் பயணிகள் ரயிலின் குறைந்த கட்டணம் பத்து ரூபாயிலிருந்து முப்பதாக உயர்ந்து, 2024 தொடக்கத்தில்தான் பழைய நிலைக்கு இறங்கிற்று.

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் தீர்த்த யாத்திரை பெரும்பாலும் முதுமையில் நிறைவேறும் ஆசை. மக்களுக்கு மணம் முடித்து, நிலத்தைப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்த பிறகே வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சம்மேத சிகர்ஜியை எண்ணுவார். சென்னையிலிருந்து ஹௌரா, அங்கிருந்து பாரசநாத் நிலையம் என ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர். தம்பதியர் இருவர்க்கும் சலுகை போனதால், உடன் வரத் துணை ஒருவர்க்கு ஆகும் பணம் பயணச்சீட்டிலேயே கரைந்துவிடுகின்றது. துணையின்றி அம்மலைக்குச் செல்ல அவர்களால் ஆகுமா? ஆகவே கைப்பேசியில் அபிஷேகம் கண்டு அமைதி கொள்கின்றனர். அது தரிசனம், அதனைக் குறை சொல்வதற்கில்லை. யாத்திரை என்பதோ கால் நோவும் பசியும் கூடிய வேறொன்று.

மாற்றங்கள் யாவும் வருந்தத்தக்கவை அல்ல. 2020 மே 25இல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபொழுது அவற்றில் உணவு பரிமாறப்படவில்லை. வீட்டுக் கட்டுச்சோறும் வடிகட்டிய நீரும் கொண்டு சென்று, பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் சமணப் பாட்டிமாரைக் கண்டு நகைத்தவர்கள் அன்று அவ்வழக்கத்தின் அருமையை உணர்ந்திருப்பர். சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரியும் இளைஞர் பலர் வீட்டிலிருந்தே வேலை என ஊர் திரும்பித் திங்கள் கணக்கில் தங்கினர். தம் ஊர் ஜினாலயத்தின் நாள் வழிபாட்டைச் சிறுவயதுக்குப் பின் அப்பொழுதுதான் முழுமையாகக் கண்டவரும் உண்டு.

சிகர்ஜியின் நிலையைச் சற்று விரித்துரைத்தல் தகும். இருபத்து நான்கு தீர்த்தங்கரருள் இருபதின்மர் வீடுபேறடைந்த மலை அது. சந்தால் பழங்குடி மக்களுக்கும் அது மாரங் புரு என்னும் தெய்வ மலை. ஏற ஒன்பது, சுற்ற ஒன்பது, இறங்க ஒன்பது என இருபத்தேழு கிலோமீட்டர் நடை. நடக்கவியலாதோரை டோலியில் சுமந்து செல்லும் தொழிலாளர் பலர்க்கு யாத்திரிகர் வருகையே பிழைப்பு. வருகை நின்ற மாதங்களில் வருவாயும் நின்றது. அதே ஜார்கண்ட் மாநிலத்து ஹட்டியா நிலையத்துக்குத்தான், ஊரடங்கில் சிக்கிய புலம்பெயர் தொழிலாளர் ஏறத்தாழ 1,200 பேரை ஏற்றிக்கொண்டு முதல் சிறப்பு ரயில் 2020 மே 1ஆம் நாள் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து புறப்பட்டது. ரயில் கிட்டாதோர் நடந்தே சென்றனர். துறவியர் நடப்பது நோன்பு; இவர்கள் நடந்தது வேறு வழியின்மையால்.

கட்டுப்பாடு நீங்கியபின் மக்கள் மலைகளையும் கடற்கரைகளையும் நோக்கி விரைந்தனர். 2019இல் வெளியான அறிவிக்கை ஒன்று பாரசநாத் மலைப்பகுதியில் சூழல் சுற்றுலாவுக்கு இடந்தந்திருந்தது. புனித மலை பொழுதுபோக்கிடமாகிவிடும் என்று அஞ்சிய சமணர்கள் 2022 டிசம்பரில் நாடெங்கும் அறப்போராட்டம் நடத்தினர். 2023 ஜனவரி 5ஆம் நாள் மத்திய அரசு அங்குச் சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. வெற்றிதான், ஆயினும் அவ்வெற்றி யாத்திரை செல்வோரையும் ஒரு கேள்வி கேட்கின்றது. விமானத்தில் ராஞ்சிக்கோ, 2022இல் திறக்கப்பட்ட தேவ்கர் நிலையத்துக்கோ பறந்து, இரவு மதுவனத்தில் உறங்கி, விடியுமுன் மலையேறி, மூன்றாம் நாள் அலுவலகம் திரும்பும் பயணத்துக்கு எப்பெயர் இடுவது? முன்னாளில் பேருந்தில் சமையற்காரருடன் புறப்பட்டு, ராஜகிருகம், பாவாபுரி, சம்பாபுரி என வணங்கி வாரக்கணக்கில் சுற்றியவர்கள் மலையிலும் மடத்திலும் பிறரோடு பேசிப் பழகினர். இன்றைய விரைவில் தண்ணீர்ப் பாட்டிலைப் பாதையோரம் வீசியெறிவதைக்கூட எண்ணிப்பார்க்க நேரமிருப்பதில்லை. சுற்றுலாவைத் தடுக்கக் கோரியவர்களிடம் இக்குறை காணப்படுவது நாணத்தக்கது.

இவற்றுள் முதியோர் குறையை மட்டுமேனும் சமூகமே தீர்க்கலாம். அரசு மீட்டுத் தராத சலுகைத் தொகையை அறக்கட்டளைகள் யாத்திரை நிதியாக ஒதுக்கலாம். குழுவாகச் செல்வோர், இளைஞர் இருவர்க்கு முதியவர் ஒருவர் என்னும் கணக்கில் உடன் அழைத்துச் செல்லலாம். மார்கழி, தை மாதங்களில் வடநாட்டில் பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மழைக்காலத்தில் முளையும் பூச்சியும் நிறைந்த மலைப்பாதையில் துறவியரே நடவாது ஓரிடத்தில் தங்கிவிடுவர். எனவே மாசி ஏற்றது. முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னரே திறப்பதால், செல்ல விரும்பும் பெரியோர் பெயர்களை ஒவ்வோர் ஊரிலும் கார்த்திகைக்குள் கேட்டு எழுதிவிடுதல் வேண்டும்.