அயல்நாட்டுப் படிப்பும் மாணவர் விசாவும்
(ஜமாஅத் பொதுக்குழுவில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து மேற்படிப்புக்காக அயல்நாடு செல்ல விழையும் நம் பிள்ளைகளைக் கண்டு மகிழ்கிறோம். ஆயினும், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்குமுன் ஒரு நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறோம்.

கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டு மூடினர். அங்குச் சேர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். அவர்களுள் சிலரது கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. நிறுவனருக்கு 2014இல் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. மாணவர் விசாவுக்குரிய ஐ-20 படிவம் வழங்கும் அனுமதி அந்நிறுவனத்திற்கு இருந்தது; கல்வித்தர அங்கீகாரமோ இல்லை. விசா கிடைத்துவிட்டது என்பதாலேயே கல்லூரி தரமானதாகிவிடாது.

ஆகவே, அங்கீகாரத்தை முதலில் நாமே விசாரித்தறிய வேண்டும். விண்ணப்பத்தை ஏஜெண்டு நிரப்பினாலும் பொறுப்பு நம் பிள்ளையுடையதே. பொய்யான வங்கிச் சான்றோ மதிப்பெண் சான்றோ இணைத்தால், அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடைகூட நேரலாம். அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தின் நேர்காணலில், மனப்பாடப் பதிலின்றி உண்மையைச் சுருக்கமாகச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவோம்.

முன்பணம் கொடுக்குமுன், சேர்க்கைக் கடிதத்தை ஜமாஅத்திலுள்ள படித்தவர்களிடம் காட்டிக் கலந்து பேசுங்கள். கேட்டறிவதில் வெட்கமில்லை, கேளாமல் இழப்பதே வருத்தம்.