முதல் வாசலைக் கெடுக்காமல்



சிரோசிஸ் நோயாளியின் பித்தநாளத்தை எண்டோஸ்கோப் வழியாகத் திறப்பது என்ற தலைப்பை ஓசூரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சிப்காட்டில் ஷிப்டு ஷிப்டாக ஆலைகள் ஓடும் ஊர் இது. சூளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நோயாளிகள் வருகிறார்கள். கண் மஞ்சளானதும் முதலில் கீழாநெல்லி, அப்புறம் பத்தியம், குளிர்நடுக்கம் கண்ட பிறகுதான் மருத்துவமனை. அதற்குள் பித்தநாளத்தில் கல்லோடு சீழும் சேர்ந்திருக்கும். சிலருக்குக் கல்லீரலும் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் பித்தக்கல் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பதை நாம் அறிவோம்.

1974இல் எர்லாங்கனில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் பித்தநாள வாயை எண்டோஸ்கோப் வழியாக உள்ளிருந்தே மின்கத்தியால் திறந்து காட்டினார்கள். ஐம்பது ஆண்டுகளாக அந்த வெட்டுதான் நம் கைப்பழக்கம். நாளம் பிடிபடவில்லையா, ஊசிக்கத்தியால் முன்வெட்டு. சிரோசிஸ் நோயாளியிடம் அந்தக் கைப்பழக்கமே ஆபத்து.

பயிற்சிக் காலத்தில், வேறோர் ஊரில், சிரோசிஸால் வயிற்றில் நீர் கோத்த ஒருவரின் பித்தநாளத்தைத் திறக்க முயன்றேன். முன்சிறுகுடலின் உள்சுவரில் அந்த வாய் சின்ன மொக்குப் போல இருந்தது. கம்பி தொடத் தொட வீங்கிச் சிவந்தது. அரை மணி நேரம் போராடிவிட்டு முன்வெட்டுப் போட்டேன். மஞ்சளாக ஒரு சொட்டுப் பித்தம் கசிந்ததும் அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. மூன்றாம் நாள் காலை அவர் மனைவி வந்து, மலம் தார் போலப் போகிறது என்றார். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த அம்மா வாசலில் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ரத்த உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்து அவருக்கு முன்னதாகவே பிளாஸ்மா ஏற்றியிருந்தோம், அது காக்கவில்லை. சிரோசிஸில் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களும் உறைதலைத் தடுக்கும் புரதங்களும் சேர்ந்தே குறைகின்றன. ஐ.என்.ஆர். ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். ஏற்றும் பிளாஸ்மாவோ போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைக் கூட்டும்.

வெட்டாமல் பலூனால் விரிக்கலாம். ரத்தக்கசிவு குறையும், கணைய அழற்சிக்கான வாய்ப்பு கூடும். அதற்கு நாம் வழக்கமாக நம்புவது ஆசனவாயில் வைக்கும் 100 மில்லிகிராம் இண்டோமெத்தசினையும் தாராளமான ரிங்கர் லாக்டேட்டையும். நீர் கோத்தவருக்கு முதலாவது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், இரண்டாவது நீரைக் கூட்டும். மிஞ்சுவது கணைய நாளத்தில் ஒரு மெல்லிய ஸ்டென்ட். பித்தநாள வாய் வழியாக முடியாமல் தோல்வழியாகக் கல்லீரலைக் குத்தலாமென்றால் குறுக்கே நீர். எண்டோ அல்ட்ராசவுண்ட் உதவியோடு இரைப்பை வழியாக ஊசி போடலாமென்றால் குறுக்கே புடைத்த சிரைகள். மாற்று வாசலெல்லாம் பாதி சாத்திக் கிடக்கும் இந்த நோயாளிக்கு முதல் வாசலான பித்தநாள வாயை நாமே கெடுத்துவிடக் கூடாது.

ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து முறைக்கு மேல் தொட்டாலோ, ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட முறை கணைய நாளத்துக்குள் தவறிப் போனாலோ அது கடினமான நாளம். சிரோசிஸ் நோயாளியிடம் அந்தக் கணக்கை எட்டும் முன்பே கையை நிறுத்தி யோசியுங்கள் என்பேன். கணைய நாளத்துக்குள் போன கம்பியை உருவாதீர்கள். அதை அங்கேயே விட்டு, இரண்டாவது கம்பியால் பித்தநாளத்தைத் தேடுங்கள். முடித்த பிறகு முதல் கம்பியின் மேலேயே ஸ்டென்ட் ஏற்றிவிடலாம். சீழ் பிடித்தவருக்குக் கல் எடுப்பது அன்றைய வேலையே அல்ல. வெட்டாமல் ஒரு 7 பிரெஞ்சு ஸ்டென்ட் வைத்து வெளியே வாருங்கள். சீழ் இல்லாமல், நாளமும் பிடிபடவில்லையென்றால் நிறுத்திவிட்டு, இரண்டு முதல் நான்கு நாள் கழித்து மறுபடி போங்கள். வீக்கம் வடிந்திருக்கும், பலருக்கு அப்போது வழி கிடைக்கிறது.

நம்மால் முடியாதபோது பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஷிப்டு விடும் நேரத்து அத்திப்பள்ளி நெரிசலை ஆம்புலன்ஸில் போனவர்கள் அறிவார்கள். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எங்கே அனுப்பினாலும் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள்: எத்தனை முறை தொட்டோம், கணைய நாளத்துக்குள் போனதா, வெட்டினோமா, உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா. வெறுங்கையோடு வரும் நோயாளியிடம் அடுத்த மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஏற்கெனவே வீங்கிய வாயை மறுபடி தொடுகிறார்.

அந்தத் தாளின் மாதிரியை இன்று பிற்பகல் நாம் சேர்ந்து எழுதவிருக்கிறோம். நோயாளியின் வீட்டார் படிக்க வேண்டிய பகுதி மூன்று மொழியிலும் இருக்கட்டும். தெலுங்கும் கன்னடமும் எழுதத் தெரிந்த செவிலியர்கள் முன்வரிசைக்கு வந்து உட்காருங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.